மூன்றாண்டில் ஊருக்கு வந்து போகலாம்

1959 டிசம்பர் 14 அன்று ஜப்பானின் நீகத்தா துறைமுகத்திலிருந்து க்ரிலியோன், தொபோல்ஸ்க் என்ற இரண்டு சோவியத் கப்பல்கள் வட கொரியாவின் சொங்ஜின் துறைமுகத்துக்குப் புறப்பட்டன. அவற்றில் 975 பேர் இருந்தார்கள். இடையில் சில ஆண்டுகள் நின்றாலும் அந்தப் போக்குவரத்து 1984 வரை நடந்தது. மொத்தம் 93,340 பேர் அப்படிக் கடல் கடந்தார்கள். பெரும்பாலோர் ஜப்பானில் வாழ்ந்துவந்த கொரியர்கள், அவர்களுடைய பிள்ளைகள். அந்தக் கூட்டத்தில் கொரியரை மணந்த ஜப்பானியப் பெண்கள் சுமார் 1,800 பேர். கணவனின் நாட்டைப் பார்க்கப் போகிறோம், அங்கே குடியேறுகிறோம், இரண்டு மூன்று ஆண்டுகளில் பிறந்த ஊருக்கு வந்து அப்பா அம்மாவையும் பள்ளித் தோழிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நம்பித்தான் அவர்கள் கப்பல் ஏறினார்கள். முதல் பதினைந்து பேர் அப்படி ஊருக்கு வந்தது 1997 நவம்பரில். அந்த முப்பத்தெட்டு ஆண்டுகளை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் பனிப்போரின் ஓர் ஓரக் குறிப்பாக, 'தாமதமான பயணம்' என்ற தலைப்பில் அடைத்துவிடுகின்றன. அந்தத் தலைப்பு பொருந்தாது என்பது என் கருத்து. ஊருக்கு வந்து போகலாம் என்ற வாக்குறுதி இந்தக் குடியேற்றத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட சலுகையாக இருக்கவில்லை. அதன் மேல்தான் குடியேற்றம் முழுவதும் நின்றது. ஆகவே அதைத் தனியே பிரித்து எடைபோட முடியாது.

முதலில் 'கணவனின் நாடு' எது என்று பார்க்க வேண்டும். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. போர் முடிந்தபோது ஜப்பானில் இருபது லட்சத்துக்கும் அதிகமான கொரியர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட, ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் தங்கிவிட்டார்கள். இவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் கொரியாவின் தெற்குப் பகுதிகளிலிருந்து, கியோங்சாங் மாகாணங்களிலிருந்தும் ஜெஜு தீவிலிருந்தும், வந்த குடும்பத்தவர். நாடு 38-ஆம் அட்சக்கோட்டில் பிளந்த பிறகு வடக்கே அவர்களுக்குச் சொந்த பந்தமும் இல்லை, பார்த்த தெருவும் இல்லை. ஆக, ஜப்பானிய மனைவி கணவனின் தாய்நாட்டுக்குப் போகிறாள் என்று எல்லோரும் எழுதினார்களே தவிர, அந்தக் கணவனே முன்பின் அறியாத இடம் அது. புகுந்த வீட்டில் மாமியாரோ நாத்தனாரோ இருந்தால் சண்டை சச்சரவு இருந்தாலும் சொல்லிக்கொள்ள ஒரு வாசல் இருக்கும். இவர்கள் போன இடத்தில் அந்த வாசலும் இல்லை. பிறந்த வீட்டோடு தொடர்பு எவ்வளவு முக்கியமாகிறது என்பதை இந்த இடத்திலிருந்துதான் கணக்கிட வேண்டும்.

பிறகு ஏன் போனார்கள்? ஜப்பானில் கொரியர்களின் நிலை அப்படி இருந்தது. 1952 ஏப்ரல் 28 அன்று சான் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை ஜப்பானியக் குடிமக்களாக இருந்த கொரியர்கள் ஒரே நாளில் அந்நியர் ஆனார்கள். அதற்கு முன்பு கொரியரை மணந்து கணவனின் குடும்பப் பதிவேட்டில் பெயர் சேர்க்கப்பட்ட ஜப்பானியப் பெண்களும் அதே நாளில் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தார்கள். பிறந்த மண்ணை விட்டு நகராமலே அவர்கள் அந்நியரானார்கள். 1,800 என்ற எண்ணிக்கை, போகும்போது ஜப்பானியக் குடியுரிமை வைத்திருந்த மனைவியரை மட்டும் கணக்கில் எடுத்தது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். அரசு வேலையும் நல்ல நிறுவன வேலையும் கொரியருக்கு எட்டாமல் இருந்தன. 1956-இல் கொரியர்களுக்கான வறியோர் உதவித்தொகையை அரசு கடுமையாக வெட்டியது. 1959-இல் வந்த தேசிய ஓய்வூதியச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும் என்று வகுக்கப்பட்டது. அந்தத் தடை 1982-இல்தான் நீங்கியது. கொரியனைக் கட்டிக்கொண்டாள் என்று மகளைத் தலைமுழுகிய ஜப்பானியக் குடும்பங்கள் பல. பழைய இரும்பு பொறுக்கியும் கூலி வேலை செய்தும் பிழைத்த கணவன், பள்ளியில் கேலிக்கு ஆளான பிள்ளைகள், முகம் திருப்பிக்கொண்ட பிறந்த வீடு என்ற இந்த மூன்றுக்கும் நடுவில் இருந்த ஒரு பெண்ணிடம், வேலையும் வீடும் இலவசப் படிப்பும் மருத்துவமும் தரும் நாடு ஒன்று கூப்பிடுகிறது என்றால் அவள் காது கொடுத்துத்தான் கேட்பாள்.

கூப்பிட்டவர்கள் பலர். 1958-இல் வட கொரியத் தலைவர் கிம் இல்-சுங் ஜப்பான்வாழ் கொரியர்களை வரவேற்பதாக அறிவித்தார். சோங்ரியோன் என்ற, வட கொரியாவை ஆதரித்த கொரியர் சங்கம் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தது. ஜப்பானிய அரசு 1959 பிப்ரவரி 13 அன்று அமைச்சரவை முடிவாகவே இதற்கு இசைவு தந்தது. இடதுசாரிகளும் வலதுசாரிகளும் ஒரே குரலில் பேசிய அபூர்வமான விஷயம் இது. பெரிய பத்திரிகைகள் எல்லாம் இதை மனிதநேயத் திட்டம் என்று புகழ்ந்தன. வட கொரியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து தெராவோ கோரோ என்ற ஜப்பானியர் 1959-இல் எழுதிய '38-ஆம் கோட்டின் வடக்கே' என்ற நூல் பலரின் மனதை மாற்றியது. எதிர்த்தது தென் கொரிய அரசும் அதன் ஆதரவாளர்களான மிந்தான் அமைப்பும்தான். அவர்களுடைய எதிர்ப்பு அரசியல் என்று ஒதுக்கப்பட்டது. ஜப்பான், வட கொரியா ஆகிய இரு நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கங்களும் 1959 ஆகஸ்ட் 13 அன்று நம் கல்கத்தாவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. யார் பதிவு செய்யலாம், கப்பல் எங்கிருந்து புறப்படும், எவ்வளவு காலம் இது நடக்கும் என்று போவதற்கான வழிமுறை எல்லாம் அதில் இருந்தது. போனவர் ஊரைப் பார்க்கத் திரும்பி வருவதற்கான வழி அதில் இல்லை. அதை வாய்ச்சொல்லாக விட்டுவிட்டார்கள். ஜப்பானிய மனைவியர் இரண்டு மூன்று ஆண்டுகளில் தாய்நாட்டுக்கு வந்து போகலாம் என்று அந்தப் பெண்களிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. எழுத்தில் இருக்க வேண்டியது பேச்சில் நின்றுபோனதுதான் இந்த வரலாற்றின் முதல் அநீதி என்று நான் கருதுகிறேன். அதில் வட கொரியாவுக்கு மட்டும் அல்லாமல், அவசர அவசரமாக ஏழைக் கொரியர்களை அனுப்பிவிட விரும்பிய ஜப்பானிய அரசுக்கும் பங்கு உண்டு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்தப் பெண்களை யாரும் கட்டி இழுத்துப் போகவில்லை. நீகத்தாவில் கப்பல் ஏறுமுன் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரதிநிதிகள் ஒவ்வொரு குடும்பத்தையும் அழைத்து, மனம் ஒப்பித்தான் போகிறீர்களா என்று கேட்டார்கள். போகிறோம் என்று சொன்னவர்கள்தானே அனுப்பப்பட்டார்கள் என்பது அந்த வாதம். கேட்டார்கள் என்பது உண்மை. ஆனால் வீட்டை ஒழித்து, சாமான்களை விற்று, தனி ரயிலில் நீகத்தாவரை வந்து, முகாமில் தங்கி, கணவனும் பிள்ளைகளும் சுற்றி நிற்கையில் சில நிமிடங்களில் கேட்கப்பட்ட கேள்வி அது. அதைவிட முக்கியம், ஒருவருடைய சம்மதம் அவருக்குத் தெரிந்த செய்தியைப் பொறுத்தது. இதற்கு ஆண்டுவாரிக் கணக்கே சாட்சி. 1960-இல் 49,036 பேர் போனார்கள். 1961-இல் 22,801 பேர். 1962-இல் 3,497 பேர். இரண்டே ஆண்டில் இப்படிச் சரிய ஜப்பானில் கொரியர் வாழ்க்கை திடீரென்று செழித்துவிடவில்லை. முதலில் போனவர்களின் கடிதங்கள் வந்து சேர்ந்திருந்தன. தணிக்கைக்குத் தப்ப, உள்ளதை உள்ளபடி எழுத முடியாத கடிதங்கள் அவை. புறப்படுமுன்பே சில குடும்பங்கள் ரகசியக் குறிப்பு பேசி வைத்திருந்தன என்றும், பேனாவில் எழுதினால் ஒரு பொருள், பென்சிலில் எழுதினால் வேறு பொருள் என்றும் சொல்லும் நினைவுக் குறிப்புகள் உண்டு. குறிப்பு இல்லாத கடிதங்களும் போதுமான அளவு பேசின. சோப்பு அனுப்புங்கள், உள்ளாடை அனுப்புங்கள், மருந்து அனுப்புங்கள் என்று ஒரு சொர்க்கத்திலிருந்து யாரும் எழுத மாட்டார்கள். சோங்ரியோன் அமைப்பில் பொறுப்பில் இருந்து, வட கொரியாவை நேரில் பார்த்து மனம் உடைந்த செகி கிசெய் 1962-இல் தன் நூலில் இதை வெளிப்படையாக எழுதினார். செய்தி தெரிந்தவர்கள் நின்றுவிட்டார்கள். செய்தி தெரியாமல் முதல் இரண்டு ஆண்டுகளில் போனவர்களின் சம்மதத்தை வைத்து அடுத்த நாற்பது ஆண்டுகளை நியாயப்படுத்த முடியாது.

அடுத்த மறுப்பு காலத்தைக் காட்டுவது. 1960-இல் வெளிநாட்டில் வாழ்க்கைப்பட்ட எந்தப் பெண் நினைத்தபோது ஊருக்கு வந்தாள்? போருக்குப் பின் அமெரிக்க வீரர்களை மணந்து பல்லாயிரம் ஜப்பானியப் பெண்கள் அமெரிக்கா போனார்கள். அவர்களிலும் பலர் பத்து ஆண்டு, அதற்கும் மேல் தாய்வீட்டைப் பார்க்காமல் இருந்தார்கள். விமானக் கட்டணம் ஒரு குடும்பத்தின் சேமிப்பையே விழுங்கிவிடும். அப்படியிருக்க வட கொரியாவை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் பணத்தால் வரும் பிரிவும் அனுமதியால் வரும் பிரிவும் தன்மையில் வேறு. கான்சாஸில் இருந்த பெண் மாதாமாதம் ஐந்து டாலர் ஒதுக்கலாம், கணவனிடம் சண்டை போடலாம், கட்டணம் குறையக் காத்திருக்கலாம். கட்டணம் குறையவும் செய்தது. எழுபதுகளில் அவள் பெட்டி நிறைய பரிசுகளோடு ஊருக்கு வந்து, பழைய வகுப்புத் தோழிகள் கூடும் விருந்தில் உட்கார்ந்திருக்க முடிந்தது. வட கொரியாவின் ஹம்ஹுங்கிலோ வொன்சானிலோ இருந்தவளுக்கு எவ்வளவு சேர்த்தாலும் வாங்கக்கூடிய பயணச்சீட்டு என்று ஒன்று கிடையாது. பக்கத்து மாவட்டத்துக்குப் போகவே அனுமதிச் சீட்டு வேண்டிய நாடு அது. காத்திருப்பதில் ஒரு பொருள் வேண்டுமென்றால், காத்திருப்பவள் கையில் ஏதாவது ஒரு நூல் இருக்க வேண்டும். இவர்கள் கையில் அது இல்லை.

ஜப்பானுக்கும் வட கொரியாவுக்கும் தூதரக உறவே இல்லை, இன்றும் இல்லை. பிறகு பயணம் எப்படிச் சாத்தியம் என்று கேட்பார்கள். இந்த மறுப்பு கேட்பதற்குக் கனமாக இருந்தாலும் கப்பல் கணக்கைப் பார்த்தால் நிற்காது. தூதரக உறவு இல்லாமலேதான் தொண்ணூறாயிரம் பேர் ஒரு பக்கமாக அனுப்பப்பட்டார்கள். அவர்களை இறக்கிவிட்ட கப்பல்கள் நீகத்தாவுக்குத் திரும்பித்தான் வந்தன. அதில் ஏறிவர அந்தப் பெண்களுக்கு அனுமதி இல்லை. 1971 முதல் மங்யொங்போங் என்ற வட கொரியக் கப்பலே இந்தத் தடத்தில் ஓடியது. எழுபதுகளின் இறுதியிலிருந்து ஜப்பானில் இருந்த கொரியர்கள் வட கொரியாவிலுள்ள பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் பார்க்கக் குழுக் குழுவாகப் போய்வந்தார்கள். பணமும் கடிகாரமும் துணியும் மருந்தும் மூட்டை மூட்டையாக அதில் போயின. அதே கப்பல், அதே கடல். அங்கிருந்து இங்கே வர வேண்டிய பெண்களுக்கு மட்டும் வழி இல்லை. எனவே தடை, கடலிலும் இல்லை, தூதரகம் இல்லாமையிலும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து போகிறவர் பணம் கொண்டுவருவார். உள்ளேயிருந்து வெளியே போகிறவர் செய்தி கொண்டுபோவார். வட கொரிய அரசு முதலாவதை வரவேற்று இரண்டாவதை அடைத்தது.

ஜப்பானில் இதைப் பற்றிய குரல் எழாமல் இல்லை. 1974-இல் இந்தப் பெண்கள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும் என்று கோரும் இயக்கம் ஒன்று தொடங்கியது. அவர்களுடைய கடிதங்கள் திரட்டப்பட்டு நூலாகவும் வந்தன. அரசு அளவில் அது பெரிய விஷயமாக, 1990 செப்டம்பரில் கனமாரு ஷின் தலைமையில் ஜப்பானிய அரசியல்வாதிகள் பியோங்யாங் போய், இரு நாட்டு உறவைச் சீர்செய்யும் பேச்சு தொடங்கும்வரை ஆயிற்று. அதன் பிறகு இந்த மனைவியர் பேரப் பொருளானார்கள். 1992-இல் பேச்சு முறிந்தபோது அவர்களுடைய பயணமும் முறிந்தது. வட கொரியாவில் பஞ்சம் வாட்டிய 1997-இல் மீண்டும் பேச்சு வந்தது. ஜப்பான் ஐக்கிய நாடுகளின் உணவுத் திட்டம் வழியாக உணவு உதவிக்கு இசைந்த அதே இலையுதிர்காலத்தில்தான் முதல் குழு வந்தது. மூன்றாண்டு என்று சொன்னது முப்பத்தெட்டு ஆண்டாகி, அதுவும் அரிசியோடு சேர்த்து எடைபோடப்பட்டது.

1997 நவம்பரில் 15 பேர், 1998 தொடக்கத்தில் 12 பேர், 2000 செப்டம்பரில் 16 பேர். மொத்தம் 43 பேர். நூற்றுக்கு மூவர்கூட இல்லை. பெய்ஜிங் வழியாக விமானத்தில் வந்து, சுமார் ஒரு வாரம் தங்கி, திரும்பினார்கள். இருபது வயதில் கப்பல் ஏறியவர்களே அறுபதை நெருங்கியிருந்தார்கள். பெற்றோர் பெரும்பாலும் கல்லறையில் இருந்தார்கள். அவர்கள் மார்பில் கிம் இல்-சுங் உருவம் பொறித்த சின்னம் இருந்தது. பத்திரிகையாளர் முன்னால் நாட்டுத் தலைவருக்கு நன்றி சொன்னார்கள். இதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஜப்பானியர் பலர் முகம் சுளித்தார்கள். அந்தச் சுளிப்பு எனக்கு வருத்தம் தருகிறது. கணவனும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்க, ஒரு வாரத்தில் அங்கேயே திரும்ப வேண்டிய ஒருவர் வேறு என்ன பேசியிருக்க முடியும்? அவர்கள் பேசியதைக் கேட்டு அவர்களை எடைபோட்டவர்கள், அவர்கள் எந்த நிலையில் நின்று பேசினார்கள் என்பதைப் பார்க்கத் தவறினார்கள்.

இந்தப் பயணங்களின் வடிவத்தில் இன்னொன்று கவனிக்கத்தக்கது. நிகழ்ச்சி நிரல் பெற்றோர் கல்லறை, உடன்பிறந்தவர், பிறந்த ஊர் என்ற வரிசையில் அமைந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் மொழியே அப்படி. 1949-ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 26-ஆவது பிரிவு, போரால் சிதறிய குடும்பங்கள் தொடர்பு கொள்ளவும் ஒன்றுசேரவும் உதவ வேண்டும் என்கிறது. குடும்பம் என்பதைச் சட்டம் புரிந்துகொள்ளும். நட்பு என்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. பதிவேட்டில் தோழியின் பெயர் ஏறுவதும் இல்லை. சாதாரணமாக இது ஒரு குறையாகத் தெரியாது. ஆனால் இந்தப் பெண்களைப் பொறுத்தவரை, திருமணத்தின்போதே குடும்பம் கைவிட்டவர்கள் பலர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு ஊரில் மிச்சமிருந்த உறவு, தையல் வகுப்பிலோ தொழிற்சாலை விடுதியிலோ கூட இருந்த ஒருத்தியாகத்தான் இருக்கும். 1997-இலும் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சிச் சில குடும்பங்கள் சந்திக்க முன்வரவில்லை. வந்த பெண்களில் பலர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் குடும்பத்தின் மானத்தை எண்ணித்தான். குடும்பம் அஞ்சும் இடத்தில் அந்த அச்சம் இல்லாமல் வந்து நிற்கக்கூடியவர் பழைய சினேகிதி. குடும்பங்களை மட்டும் தேடிச் சேர்க்கும் ஏற்பாட்டில் அவரைத் தேட யாருக்கும் பொறுப்பு இல்லை. நட்பு இரண்டாம்தரமானது, ரத்த உறவே முதலில் என்று சொல்வோருக்கு என் பதில் இதுதான்: யார் முதல் என்பதைப் பயணம் செய்கிறவர் தீர்மானிக்கட்டும். தடையில்லாத பயணத்தில் அந்தத் தெரிவு தானாகவே அவரிடம் இருக்கும். அரசுகள் பேசி ஏற்பாடு செய்த ஒருவாரப் பயணத்தில் அது அதிகாரிகளிடம் போய்விட்டது. வட கொரியாவில் தங்கிவிட்ட ஜப்பானியப் பெண்கள் தங்களுக்குள் தோழமை வளர்த்துக்கொண்டார்கள் என்பதும், ஹம்ஹுங்கில் அவர்களுக்கு 'வானவில்' என்ற பெயரில் ஒரு சிறு சங்கமே இருந்தது என்பதும், இந்தத் தேவை எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்று.

2002 செப்டம்பர் 17 அன்று ஜப்பானியப் பிரதமர் கொய்சுமி பியோங்யாங் போனபோது, ஜப்பானியர் சிலரைக் கடத்தியதை வட கொரியத் தலைவர் கிம் ஜொங்-இல் ஒப்புக்கொண்டார். ஜப்பானின் கோபம் நியாயமானது. ஆனால் அதன் பிறகு 'வட கொரியாவிலுள்ள ஜப்பானியர்' என்றால் கடத்தப்பட்டவர்கள் மட்டுமே என்று ஆகிவிட்டது. கப்பல் ஏறிப் போன மனைவியர், தாமாகப் போனவர்கள்தானே என்ற பழைய வாதத்துக்குப் பின்னால் மறைந்தார்கள். நான்காவது குழு வரவே இல்லை. 2006 ஜூலையில் வட கொரியாவின் ஏவுகணைச் சோதனைக்குப் பதிலாக, நீகத்தாவுக்கு வந்துபோன மங்யொங்போங்-92 கப்பலுக்கு ஜப்பான் தடை விதித்தது. 2014 மே மாதம் ஸ்டாக்ஹோம் உடன்பாட்டில், கடத்தப்பட்டவர்களோடு சேர்த்து ஜப்பானிய வாழ்க்கைத்துணைகளைப் பற்றியும் விசாரிப்பதாக வட கொரியா ஒப்புக்கொண்டது. 2016 பிப்ரவரியில் அந்த விசாரணைக் குழுவையே கலைத்துவிட்டது. இதற்கிடையில் சில பெண்கள் உயிரைப் பணயம் வைத்துச் சீன எல்லையைக் கடந்து ஜப்பான் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வந்தது ஊர் பார்க்க அல்ல. அங்கே விட்டுவந்த பிள்ளைகளைத் திரும்பப் பார்க்க வழி இல்லாமல் போயிற்று. முன்பு ஜப்பானைப் பார்க்க ஏங்கியவர்கள் இப்போது வட கொரியாவைப் பார்த்து ஏங்க வேண்டியதாயிற்று.

கப்பலில் போய்ப் பிறகு தப்பி வந்தவர்களில் ஐந்து பேர் 2018-இல் வட கொரிய அரசின் மீது தோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள். 2022 மார்ச்சில் அந்த நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஏமாற்றி அழைத்தது ஒரு செயல், அதற்கு வழக்குத் தொடரும் காலம் கடந்துவிட்டது. வெளியே விடாமல் வைத்திருந்தது வேறு செயல், அது ஜப்பானிய நீதிமன்றத்தின் வரம்புக்கு வெளியே என்று அது பிரித்துப் பார்த்தது. 2023 அக்டோபர் 30 அன்று தோக்கியோ உயர் நீதிமன்றம் அந்தப் பிரிப்பை ஏற்கவில்லை. பொய் சொல்லி அழைத்ததும், வந்தவரைத் திரும்பிப் போகவிடாமல் தடுத்ததும் தொடர்ந்த ஒரே தவறு என்று கண்டு, வழக்கை மீண்டும் விசாரிக்க அனுப்பியது. நீகத்தாவில் சொன்ன சொல்லையும் சொங்ஜினில் அடைத்த கதவையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க ஒரு நீதிமன்றத்துக்கு அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.